மிளகாய் வந்த வழி

இராசராச சோழன் உண்ட உணவில் மிளகாய் இருந்ததா என்று வகுப்பில் நான் வினவியபோதெல்லாம், "இருந்திருக்கும் ஐயா" என்றே பிள்ளைகள் விடையிறுத்தனர். அவன் மிளகாயைக் கண்டதே இல்லை. கரிகாலனும் கம்பரும் கண்டதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் மடைப்பள்ளிக்குரிய மிளகும் கடுகும் சீரகமும் அளவோடு பொறிக்கப்பட்டுள்ளன. மிளகாய்க்கு அங்கே இடமில்லை.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் பயிரிட்டனர். 1492இல் மிளகு விளையும் நாட்டைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசு, மிளகுக்கு மாறாக மிளகாயைக் கண்டான். உறைப்பு ஒன்றையே கருதி ஐரோப்பியர் அதற்கும் மிளகின் பெயரையே இட்டனர். உண்மையில் இரண்டிற்கும் யாதோர் உறவும் இல்லை. மிளகு கொடி, மிளகாயோ கத்தரி, தக்காளிக் குடும்பத்துச் செடி.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வாயிலாக அது நம் மேற்குக் கடற்கரையை அடைந்தது. அதன்பின் அது பரவிய விரைவு வியப்புக்குரியது. 1542இல் செருமானிய மருத்துவர் பூக்சு என்பார் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்க்குக் 'கள்ளிக்கோட்டை மிளகு' என்று பெயர் காண்கிறோம். அமெரிக்கப் பொருளை இந்தியப் பொருளென்றே கருதிவிட்டார் அவ்வறிஞர்!

எந்த ஊரில், எவர் கொல்லையில் முதல் விதை ஊன்றப்பட்டது? அதனைக் கூறும் கல்வெட்டு இல்லை. இத்தகைய இடங்களில் வரலாற்று மாணவன் சொற்களிடம் செல்லவேண்டும். மிளகுபோல் உறைக்கும் காய் ஆதலின் தமிழர் அதனை மிளகாய் என்றனர். மலையாளத்தில் 'கப்பல் முளகு' என்றொரு பெயரும் உண்டு. அது வந்த வழியை அப்பெயரே உரைக்கிறது. அடுத்து, சடங்குச் சமையலையும் நோக்குங்கள். திவசச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகையே சேர்க்கும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. அன்றாடச் சமையல் எளிதில் மாறிவிடும். முன்னோர்க்குப் படைக்கும் சமையல் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கல்வெட்டுக்கு ஒப்பான சான்றாக இதனை நான் மதிக்கிறேன்.

மிளகு நம் நாட்டிலேயே விளைந்த பொருளாயிற்றே. பின் ஏன் அயல்நாட்டுக் காய் அதன் இடத்தைப் பற்றியது? போர்ச்சுக்கீசியர் புகுத்தினர் என்பது பாதி விடைதான். மீதி விடை வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. மிளகுக் கொடிக்கு மலைச்சாரலின் மழை வேண்டும். படர மரம் வேண்டும். பயன் காண மூன்று ஆண்டுகளேனும் காத்திருக்கவேண்டும். யவனர் பொன் கொணர்ந்து முசிறியில் மிளகு பெற்றுச் சென்றதை அகநானூறு கூறுகிறது. அவ்வளவு விலையுயர்ந்த பொருள் ஏழையின் சட்டிக்கு நாள்தோறும் எட்டுமா? மிளகாயின் தன்மையோ வேறு. பழுத்த காய் ஒன்றில் பல விதைகள். விதைத்து நாற்பது நாளில் நாற்றைப் பிடுங்கி நடலாம். நட்ட இரண்டரை மாதத்திற்குள் காய் பறிக்கலாம். உடைந்த பானையிலும் வளரும். வேரில் நீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும். மிளகு வாணிகத்தைக் கைப்பற்ற ஐரோப்பியர் கோட்டைகள் கட்டிப் போரிட்டனர். கொல்லை மிளகாயைக் காக்க எவரும் கோட்டை கட்டவில்லை.

விளைந்தால் மட்டும் போதாது. ஆண்டு முழுதும் கெடாதிருக்கவும் வேண்டுமன்றோ? இங்கேதான் நம் இல்லத்தரசியரின் அறிவு துணைநின்றது. செடியிலேயே சிவக்கப் பழுத்த காயைப் பறித்து, பாயில் பரப்பி, அவ்வப்போது புரட்டி, மாலையில் பனி படாமல் மூடிவைத்து உலர்த்துவர். கையிலெடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென ஒலிக்கும், அதுவே பதம். ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பற்றி நஞ்சாகும். மழை குறைந்த இராமநாதபுரச் சீமையின் குண்டு மிளகாய் இவ்வாறு காய்ந்தே பெயர் பெற்றது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பச்சை மிளகாய்க்கு வேறொரு வழி கண்டனர். காயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவைப்பர். பகலில் எடுத்து வெயிலில் உலர்த்துவர். அந்தியில் மீண்டும் அதே மோரில் இடுவர். மோர் முற்றும் வற்றும்வரை இது தொடரும். உப்பும் புளிப்பும் வெயிலும் சேர்ந்தபின் அழுகச்செய்யும் நுண்ணுயிர்களுக்கு அங்கே வாழ்வில்லை. மோரும் உப்பும் வெயிலும் நம்மிடம் முன்பே இருந்தவை. காய் மட்டுமே கப்பலில் வந்தது. அடைமழை நாளில் எண்ணெயில் பொரித்த அம்மோர்மிளகாய் ஒன்று இருந்தால், பழஞ்சோற்றுக்கு வேறு கறி தேடுவார் இலர்.