வேலையின்மை வீதம்: கணக்கில் வருவோரும் வராதோரும்

எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை இந்நாட்டு மக்கள் எளிதில் மறந்துவிடமாட்டார்கள். அவ்வாண்டில் நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்திற்கும் அதிகமாகச் சுருங்கியது. ஆயினும், 2021இல் 5.1 சதவீதமாகவிருந்த வேலையின்மை வீதம் 2022இல் 4.7 சதவீதமாகக் குறைந்ததாகத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் அறிவித்தது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு, இவ்வீதம் எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1990ஆம் ஆண்டு முதல் இத்திணைக்களம் தொழிற்படை அளவீட்டை நடத்தி வருகின்றது. மாதிரியாகத் தெரிவுசெய்யப்பட்ட வீடுகளில், 15 வயதும் அதற்கு மேற்பட்டோரும் முந்திய வாரத்தில் என்ன செய்தார்கள் என்று வினவப்படுகின்றது. அவ்வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் வருமானத்திற்காக உழைத்தவர் தொழில் புரிபவராகக் கொள்ளப்படுகின்றார். ஊதியமின்றித் தந்தையின் கடையில் நிற்கும் மகனும் அவ்வாறே. தொழிலற்று, கடந்த நான்கு வாரங்களில் தொழில் தேடி, கிடைத்தால் இரு வாரங்களுக்குள் ஏற்கத் தயாராகவிருப்பவரே வேலையற்றவர். இவ்விரு பிரிவினரும் சேர்ந்ததே தொழிற்படை. அதில் வேலையற்றோரின் பங்கே வேலையின்மை வீதமாகும். மாணவர், இல்லத்தரசிகள், முதியோர், தேடிச் சலித்துக் கைவிட்டோர் ஆகியோர் இக்கணக்கிற்கு வெளியே நிற்கின்றனர்.

பாமன்கடையின் ஒரு வீதியில் வயதுவந்தோர் நூறு பேர் வாழ்வதாகக் கொள்வோம். அவர்களுள் 50 பேர் தொழிற்படையில் உள்ளனர். நால்வருக்குத் தொழில் இல்லை. வேலையின்மை 8 சதவீதம். நால்வரில் இருவர் மனம் வெறுத்துத் தேடுவதை நிறுத்திவிட்டால், எஞ்சுவது 48 பேரில் இருவர், வீதம் 4.2 ஆகிவிடும். ஒருவருக்கேனும் புதிதாகத் தொழில் கிடைக்காமலேயே வேலையின்மை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துவிட்டது!

2022இல் நடந்தவற்றையும் இவ்வாறே நோக்க வேண்டும். நாள் முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்று இரண்டொரு சவாரி மட்டும் சென்ற முச்சக்கரவண்டிச் சாரதியும் தொழில் புரிபவரே. அவ்வாண்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் புறப்பட்ட 3 இலட்சத்திற்கும் அதிகமானோர் இந்நாட்டின் தொழிற்படையிலிருந்தே நீங்கிவிட்டனர். மேலும், இந்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் இருக்கின்றனர். ஏனையோரில் தகுந்த தொழில் கிடைத்தால் செல்லக்கூடியவர் எத்தனை பேர் என்பதை இவ்வீதம் கூறுவதில்லை.

வடக்கு, கிழக்கு மக்களுக்கு இவ்விடயத்தில் கசப்பான அனுபவம் உண்டு. யுத்தம் நிலவிய 1990களில் அவ்விரு மாகாணங்களும் இவ்வளவீட்டில் உள்ளடக்கப்படவில்லை. தொழிலை இழந்து இடம்பெயர்ந்த மக்கள் நிறைந்திருந்த பகுதிகளைத் தவிர்த்த எண்ணே நாட்டின் எண்ணாகக் காட்டப்பட்டது. சகல மாவட்டங்களும் தொடர்ச்சியாக அளவீட்டுக்குள் வந்தது 2011ஆம் ஆண்டு முதலேயாகும்.

வேலையின்மை ஒரே தன்மையுடையதுமன்று. ஒரு தொழிலை விட்டு இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் ஏற்படுவது உராய்வு வேலையின்மை. அது எங்கும் இருப்பதே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கரையோர மீனவரும், பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் இடைப்பட்ட காலத்தில் அம்பாறையின் விவசாயக் கூலிகளும் எதிர்கொள்வது பருவகால வேலையின்மை. பொருளாதாரம் மந்தமடைகையில் எழுவது சுழற்சி வேலையின்மை. ஒருவர் செய்யக்கூடிய வேலையை நால்வர் பங்கிடுவது மறைமுக வேலையின்மை. கூடுதலாக உழைக்க விரும்பியும் போதிய நேர வேலை கிடைக்காதிருப்பது கீழுழைப்பு.

இவற்றுள் மிகப் பாரதூரமானது, கற்ற கல்விக்கும் இருக்கும் தொழில்களுக்கும் பொருத்தமின்மையால் தோன்றும் அமைப்பு வேலையின்மையாகும். இளைஞர் கிளர்ச்சி வெடித்த 1971ஆம் ஆண்டிலேயே, டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழிலாளர் தாபனக் குழு தனது அறிக்கையில் இப்பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. அரை நூற்றாண்டு கடந்தும் பட்டதாரிகள் வீதியில் இறங்குகின்றனர். 15 முதல் 24 வயது வரையானோரில் வேலையின்மை வீதம் 2022இல் 20 சதவீதத்திற்கும் மேலாகவிருந்தது.

நோய் எதுவெனத் தெரியாமல் மருந்து கொடுத்தல் ஆகாது. பருவகால வேலையின்மைக்கு மாற்றுத் தொழிலும், அமைப்பு வேலையின்மைக்குக் கல்விச் சீர்திருத்தமும், சுழற்சி வேலையின்மைக்கு முதலீடும் வேண்டும். அமெரிக்காவில் மாதந்தோறும் ஆறு வகையான அளவீடுகள் வெளியிடப்படுகின்றன. மனந்தளர்ந்து தேடுவதை நிறுத்தியோரும், முழுநேர வேலை கிடைக்காமையால் பகுதிநேர வேலை செய்வோரும் அவற்றுள் மிக விரிவான அளவீட்டில் அடங்குகின்றனர். இங்கும் வேலையின்மை குறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வெளியாகும்போது, தொழிற்படையின் பருமன் என்ன, இளைஞர், பெண்கள் நிலை என்ன, வாரத்தில் எத்தனை மணித்தியால உழைப்பு என்பனவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். கணக்கில் வராத மனிதருக்குத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை என்பதே எமது கவலையாகும்.