மறுமுனையில் பேசுவது யார்? மாத்தளை முதியோரும் கொள்ளைநோய்க் கணக்கெடுப்பின் வரலாறும்

கொவிட்-19 பரவலால் 2020 மார்ச் 20 மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டதோடு, வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டும் ஆய்வுமுறை இலங்கையில் நின்றுபோனது. நோய் யாரைத் தாக்கியது, யார் பட்டினி கிடந்தார்கள், நிவாரணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகளுக்கு உடனே விடை தேவைப்பட்டது. தொலைபேசிதான் கைவசம் இருந்த ஒரே வழி. உலகெங்கும் இதுவே நடந்தது. ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலும் ஐம்பது வயதைக் கடந்தோரைத் தொடர்ந்து ஆராய்ந்துவந்த ‘ஷேர்’ ஆய்வு, 2020 ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தன் நேர்காணல்களைத் தொலைபேசிக்கு மாற்றியது.

இந்த மாற்றம் ஒரு மாவட்டத்தின் முதியோர் பற்றிய நம் அறிவை எப்படி வடிவமைக்கிறது என்பதை மாத்தளையை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை. மாத்தளை ஒரே மாவட்டமாக இருந்தும் மூன்று உலகங்களைக் கொண்டது. வடக்கே தம்புள்ளையும் கலேவெலையும் உலர்வலய வேளாண் பூமி. நடுவே வணிகநகரமான மாத்தளை. ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கம் தேயிலையும் றப்பரும் மிளகும் விளையும் தோட்டங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறக்குறைய 4.85 இலட்சம் மக்கள். ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பிரித்துப் பதியப்பட்ட தமிழர் இரு பிரிவினரும் சேர்ந்து பத்தில் ஒரு பங்களவில். இங்கே நோயைப் பற்றிக் கேட்கும் கருவி காலந்தோறும் மாறியிருக்கிறது. ஆனால் முதியவருக்காக வேறொருவர் பதில் சொல்லும் வழக்கம் மாறவேயில்லை. இதுவே என் வாதம்.

வடக்குப் பாதை

கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு வழியே நடந்து தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதி அந்தப் பாதையில் கூடவே நடந்துவந்தது. 1840களில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டதாக 1849இல் கொழும்பு ஏடொன்று எழுதியது. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அந்த எண்ணைக் கடுமையாக விவாதித்திருக்கிறார்கள். விவாதத்துக்குக் காரணம் கணக்கிட்ட முறையிலேயே இருக்கிறது. வந்தோர் தொகையிலிருந்து திரும்பிப் போனோர் தொகையைக் கழித்தார்கள்; மிச்சம் நின்றவர்களில் தோட்டங்களில் இருப்போரைக் கழித்தால் மீதி இறந்தோர் என்று கொண்டார்கள். எந்தக் குடும்பத்தையும் யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர் இருந்தாரென்றால் அவர் ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணி. தன் கூட்டத்தில் எத்தனை பேர் என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான் இருந்தது.

1871 மார்ச் 27இல் தீவின் முதல் முறையான குடிசன மதிப்பீடு நடந்து 24 இலட்சம் பேர் எண்ணப்பட்டனர். 1901இன் மதிப்பீட்டைப் பொன்னம்பலம் அருணாசலம் நடத்தினார். அதன் அறிக்கை இன்றும் வாசிக்கத்தக்க ஆவணம். ஆனாலும் தோட்டம் தனி நாடாகவே இருந்தது. அங்கே பிறப்பையும் இறப்பையும் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பு தோட்டத் துரையுடையது. தொழிலாளியின் அன்றாட இருப்பை உறுதிசெய்த ஏடு செக்றோல். காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தவர் அன்றைக்கு உண்டு, விழாதவர் இல்லை. வேலையிலிருந்து நின்றுபோன கிழவனும் கிழவியும் அந்த ஏட்டிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். இறக்கும் நாளில்தான் மறுபடி ஒரு வரியாக எழுதப்படுவார்கள்.

1918க்குப் பின்

1918–19 விஷக்காய்ச்சலின் பாதிப்பு இந்த ஏடுகளின் போதாமையை வெளிச்சமிட்டுக் காட்டுகிறது. 1992இல் லாங்ஃபோர்டும் ஸ்டோரியும் இறப்புப் பதிவேடுகளைக் கொண்டு அதை ஆராய்ந்தனர். 2014இல் சித்தார்த் சந்திராவும் தில்ஷானி சரத்சந்திராவும் வேறு வழியில் போனார்கள். கொள்ளைநோய் வராதிருந்தால் மக்கள்தொகை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, இருந்த தொகையை அதிலிருந்து கழித்து, இழப்பு ஏறத்தாழ 3 இலட்சம், அதாவது மக்கள்தொகையில் 6.7 சதவீதம் என மதிப்பிட்டார்கள். நூறாண்டு கழித்தும் கழித்தல் கணக்குத்தான் கைகொடுக்கிறது. பிழைத்தவர்களின் வீட்டில் என்ன நடந்தது என்பதை எந்தக் கணக்காலும் மீட்க முடியவில்லை.

1934–35 மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. மருத்துவத் துறையின் பிறையர்கிளிஃப் எழுதிய அறிக்கை விரிவானது. ஆனால் கிராமங்களில் நிவாரணப் பட்டியல், குடும்பத்தாருக்குப் பதிலாகப் பேசிய ஊர்த் தலைமைக்காரர் வழியே போனது.

தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை தோட்டக் குடும்பங்களை நடுவே அறுத்தது. பிள்ளை கப்பலேற, தாய் தங்கிவிட்ட வீடுகள் உண்டு, மாறியும் நடந்தது. தோட்டப்புறத்தில் ஒரு முதியவரின் ‘குடும்பம்’ யாரைச் சேர்த்தது, யாரை விட்டது என்பதை ஒற்றை வரிக் கேள்வியால் அறிய முடியாமற் போனதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

குரல்வழிக் கணக்கெடுப்பு

2020 மே, ஜூன் மாதங்களில் யுனிசெஃபும் யுஎன்டிபியும் இலங்கைக் குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்தன. பத்தில் ஏழு குடும்பங்கள் வருமானம் குறைந்ததாகவும், பத்தில் மூன்று உணவைக் குறைத்ததாகவும் தெரிவித்தன. அதற்கு முன்பே சுகாதாரக் கொள்கை நிறுவகம் 2018–19இல் இலங்கைச் சுகாதார முதுமை ஆய்வின் முதற்சுற்றை நேரில் நடத்தியிருந்தது. அதே நிறுவகம் 2021இல் தொடங்கிய அபிப்பிராயத் தடங்காணல் ஆய்வு, எழுமாறாகத் தெரிந்த கைத்தொலைபேசி எண்களையும் முன்பு நேர்காணப்பட்டோரின் எண்களையும் இணைத்தது. இந்த இரண்டாவது வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒருமுறையாவது முகம் பார்த்தவரை அழைப்பதற்கும், எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அழைப்பதற்கும் இடையே வேறுபாடு மிகப் பெரிது.

எழுமாற்று அழைப்பில் இரண்டு சிம் வைத்திருப்பவருக்கு இரட்டை வாய்ப்பு. ஒன்றும் இல்லாதவருக்கு வாய்ப்பே இல்லை. ஆய்வாளர்கள் இதை அறிவார்கள். வயது, பால், நகரம், கிராமம், தோட்டம் என நிறைகொடுத்துச் சரிசெய்வார்கள். ஆனால் நிறைகொடுத்தல் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: தொலைபேசி உள்ள எழுபது வயதுக்காரர், அது இல்லாத எழுபது வயதுக்காரரைப் போன்றவரே என்பது அந்த அனுமானம். அது மாத்தளையில் செல்லாது. கையில் தொலைபேசி இருக்கும் முதியவருக்கு றீலோட் போட்டுத்தர ஒரு பிள்ளை உண்டு, காது கேட்கிறது, சிக்னல் எட்டும் இடத்தில் வீடு இருக்கிறது. இவரது பதிலைப் பெருக்கி, மலைச்சரிவில் தனியே கிடப்பவரின் இடத்தை நிரப்புகிறோம். நலமாக இருப்பவரின் குரல் இரண்டு பேருடையதாகிவிடுகிறது. இலர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் 2018இல் இலங்கையில் நடத்திய தகவல் தொழில்நுட்ப ஆய்வு 15 முதல் 65 வரையிலான வயதினரையே எடுத்துக்கொண்டது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். மூத்தோரின் தொலைபேசி வாழ்க்கையை நாம் முதலில் அளந்தறியவே இல்லை. அதற்குள் அதையே அளவுகோலாக்கிவிட்டோம்.

தோட்டத்து நிலைமையை அருகில் வைத்துப் பார்ப்போம். ஊரடங்கின்போதும் தேயிலைத் தோட்டங்களில் வேலை நடந்தது. மகள் கொழுந்துக்குப் போகும்போது தொலைபேசியும் அவளோடு மலைக்குப் போகும், அல்லது கொழும்பில் கடையில் வேலைசெய்யும் மகனின் பெயரில்தான் எண் இருக்கும். காலை பத்து மணிக்கு வரும் அழைப்புக்கு லயன் அறையான காம்பராவில் இருக்கும் பாட்டி எட்டமாட்டார். மாலையில் அழைத்தால் எட்டலாம். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், காது மந்தமான அவருக்காக ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றியிருக்கையில், “கடந்த மாதத்தில் ஒருவேளை சாப்பாட்டையாவது விட்டீர்களா?” என்று ஒரு குரல் கேட்கிறது. “இல்லை, எல்லாம் நல்லாப் பாத்துக்கிறாங்க” என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? தன் பசியைச் சொன்னால் பிள்ளைகளின் வறுமையை ஊரறியச் சொன்னதாகும். பெரும்பாலும் அவரிடம் அந்தக் கேள்வி போவதே இல்லை. குடும்பத் தலைவர் எடுக்கிறார், அவரே முடித்துவிடுகிறார்.

2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை எழுந்ததும் கொழும்பிலிருந்த மலையக இளைஞர் பலர் வேலை இழந்து திரும்பினர். மாதாமாதம் பணம் அனுப்பிய மகன் இப்போது சாப்பாட்டுக்கு இன்னொரு வாயாக வந்து நின்றான். ஜூனில் கேட்ட “வீட்டில் எத்தனை பேர்?” என்ற கேள்விக்கும் டிசம்பரில் கேட்ட அதே கேள்விக்கும் எண் மாறியிருக்கும். மாற்றத்தின் பொருளோ படிவத்துக்குள் அடங்காது. எழுபதைக் கடந்தோருக்கான மாதம் 2,000 ரூபா முதியோர் கொடுப்பனவு அவ்வேளையில் யார் கைக்குப் போனது என்று கேட்ட படிவங்கள் அரிது.

தொலைபேசி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தனித்து வாழும் முதியோரிடையே பொருளியலாளர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழுவினர் மனநல ஆற்றுப்படுத்தலையே தொலைபேசி வழியாக வழங்கிப் பரிசோதித்தார்கள். தனிமையில் இருப்பவருக்கு அழைப்பு என்பது பேச ஒரு துணையும்கூட. ஆனால் அங்கே முதியவர் யார், அவர் எண் எது, அவர் தனியாகத்தான் பேசுகிறாரா என்பவை முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருந்தன. மாத்தளையிலும் அதைச் செய்ய முடியும். மருத்துவ மாதுக்களுக்கும் கிராம சேவகர்களுக்கும் முதியோர் சங்கங்களுக்கும் எந்த வீட்டில் எந்த முதியவர் இருக்கிறார் என்பது தெரியும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கீழ்மட்ட முதியோர் குழுக்களுக்கு வழியும் செய்திருக்கிறது.

ஆகவே தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்துக்கும், பேராதனை உள்ளிட்ட பல்கலைக்கழகத் துறையினருக்கும், நன்கொடை நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த நெருக்கடிக்குக் காத்திராமல், இப்போதே மாவட்டந்தோறும் முதியோரின் பெயரை அவரவரை அணுகத்தக்க எண்ணுடன், அவர்கள் சம்மதத்தோடு, பேணிவையுங்கள். தமிழ் பேசும் தோட்டத்து முதியவரை அவர் பேச்சிலேயே கேட்கக்கூடியவரை அழைக்க அமர்த்துங்கள். தோட்டத்துறை முடிவுகளை, மாதிரி சிறிதென்று கிராமத்தோடு கலந்துவிடாமல், தனியே வெளியிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு தரவுக்கோப்பிலும் ஒரு நிரலைக் கூட்டுங்கள்: இந்தப் பதிலைச் சொன்னவர் யார், அப்போது அருகில் இருந்தவர் யார் என்று.