ராணி முகம் குழிந்த ரூபாய்

போன மாதம் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் மேசையில் அவிழ்த்தார். உள்ளே இரண்டு வெள்ளி ரூபாய். "இது தப்பா அடிச்ச காசாம். லட்சக்கணக்குல போகும்னு பையன் செல்போன்ல காட்டுனான். நெசமா?" மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார். விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது.

முதலாவது, ஆற்காட்டு ரூபாய். எழுத்தில் பாதி விளிம்போடு போயிருந்தது. அது தப்பே இல்லை. கையால் அடித்த காலத்தில் அச்சு பெரிது, வெள்ளி வில்லை சிறிது. முழு வாசகமும் விழுவதுதான் அபூர்வம்.

இரண்டாவது, விக்டோரியா ரூபாய். ஒரு பக்கம் ராணி முகம் வழக்கம்போலப் புடைத்திருந்தது. மறுபக்கத்திலும் அதே முகம், ஆனால் இடவலம் மாறி உள்ளே குழிந்து. எந்திரத்தில் இப்படி நேர்வதுண்டு. அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வரும்போது அந்தக் காசே அச்சாகித் தன் முகத்தைப் பதித்துவிடும். நாணயச் சந்தையில் இதை 'லக்கி' என்பார்கள். வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்று வாங்குகிறவர்களும் உண்டு.

விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்குமே. நிறுத்துப் பார்த்தேன். 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாய்க்கு 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம் எடை. 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. இது 11.4 இருந்தது. தேய்மானம் போகச் சரிதான். ஆனால் எடையை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு நல்ல காசுகளைச் சேர்த்து வைஸில் வைத்து நெருக்கினாலும் எடை குறையாது.

அடுத்து லென்ஸ். புடைத்த முகத்தில் கன்னமும் கூந்தலும் தட்டையாக நசுங்கியிருந்தன. உண்மையான லக்கியில் அந்தப் பக்கம் அச்சில் அடித்தபடியே இருக்க வேண்டும். பிறகு குழிவுக்குள் பார்த்தேன். ராணியின் கழுத்துக்கு அடியில் 'ருபீ' என்ற ஆங்கில எழுத்துகளும் 1862 என்ற ஆண்டும் நிழலாகத் தெரிந்தன. அதோடு சந்தேகம் தீர்ந்தது. பின்பக்க அச்சையே பார்க்காத வில்லையில் அந்த எழுத்து எப்படி வரும்? முழுதாக அடித்து வெளியே வந்த காசை யாரோ பிறகு பட்டறையில் கெடுத்திருக்கிறார்கள்.

ஆண்டும் கைகொடுக்கவில்லை. 1862 என்பதை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள், ஏராளமாகக் கிடைக்கும். ஆக, வெள்ளி விலைதான்.

சொன்னேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆற்காட்டு ரூபாயைத் தள்ளி, "அப்ப இது?" என்றார். அதில் பிறை முத்திரை இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்தது. பெரிய பணம் வராது, ஆனால் யாரும் கைவைக்காத காசு. சேகரிப்பவர்கள் மதிப்பார்கள் என்றேன்.

"புளி போட்டுத் தேய்ச்சு வைக்கட்டுமா?"

"ஐயோ, தொடவே தொடாதீங்க அண்ணாச்சி. அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும்."