தைப்பட்டத்துக்குத் தோட்டம் போடப் போறீங்களா? முதல்ல ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்க!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கலும் முடிந்தாச்சு. நெல்லை பக்கம் கத்தரி, வெண்டை, கொத்தவரை போட மண்ணைத் தயார் செய்யும் நேரம் இது. புதுசா தொடங்குகிறவர்கள் பலர் செய்யும் தப்பு, ஈரம் காயுமுன்பே மண்வெட்டியைத் தூக்குவதுதான்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என தாமிரபரணிக் கரையோரம் வண்டல். மானூர் பக்கம் கரிசல். களி அதிகமுள்ள இந்த மண்ணை ஈரத்தோடு கொத்தினால் கட்டிகட்டியாகி, வெயிலில் செங்கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் வேர் இறங்காது.

எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்க. உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் நாலு நாள் பொறுக்கணும்.

கொத்திய மண்ணை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, தொழு உரம் கலக்கணும். பத்துக்குப் பத்து அடி இடத்துக்குச் சுமார் 25 கிலோ. நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் செடி கருகும், வேர்ப்புழுவும் வரும்.

திசையன்விளை பக்கத்துச் செம்மண்ணுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. அங்கே பிரச்சினையே தண்ணீர் நிற்காததுதான். தொழு உரத்தோடு மக்கவைத்த தென்னை நார்க்கழிவும் சேர்த்தால் ஈரம் தங்கும்.

மண் பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால், உரம் போடும் முன்பே நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ தனியாக வைத்துவிடுங்க.