வெருகு எங்கே போயிற்று?

புதுச்சேரியிலிருந்து போன ஒரு சின்னஞ்சிறு காட்டுப்பூனைக்கு 1831-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ழொஃப்ருவா சேன்-இலேர் ‘ஃபெலிஸ் ருபிஜினோசா’ என்று பெயரிட்டார். துருவேறியது என்பது அந்த லத்தீன் அடைமொழியின் பொருள். சாம்பல் முதுகில் செம்பழுப்புப் புள்ளிகள். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. 1858-இல் ருஷ்ய அறிஞர் செவெர்த்சோவ் ஆசியப் புள்ளிப்பூனைகளுக்கென ‘பிரியோனைலூரஸ்’ என்ற பேரினத்தை வகுத்தார். இந்தப் பூனையும் பின்னர் அதில் சேர்ந்தது. பேரினப் பெயர் ஆண்பால் ஆகவே, ருபிஜினோசாவும் ருபிஜினோசஸ் ஆயிற்று.

இலங்கையில் சிங்களவர் இதைக் ‘கொல திவியா’ என்பார்கள். திவியா என்றால் சிறுத்தை. 1956-இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அங்குள்ள ஒரு துணையினத்துக்குக் ‘கொலதிவியஸ்’ என்று பெயரிட்டார். ஊரார் வாய்ச்சொல் அப்படியே அறிவியலுக்குள் ஏறிவிட்டது. தமிழ்ப்பெயருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

ஆனால் பெயர் இருந்தது. 1884-இல் வெளிவந்த, இயற்கையியலாளர் ஸ்டெர்ண்டேலின் பாலூட்டி நூல், இலங்கைத் தமிழர் இதை ‘வெரெவ புனி’ என்பதாகக் குறிக்கிறது. ஆங்கில எழுத்தில் சிதைந்த அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: வெருகுப் பூனை! வேறொன்றாக எனக்குக் கேட்கவில்லை.

வெருகு நேற்றுப் பிறந்த சொல்லல்ல. தொல்காப்பிய மரபியல் அணிலோடும் எலியோடும் இதையும் சேர்த்து, இவற்றின் இளமைப்பெயர் ‘குட்டி’ என்கிறது. முல்லை அரும்பை வெருகின் பல்லுக்கு ஒப்பிட்டார்கள் சங்கப் புலவர்கள். வாய் திறந்த பூனையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே அது தோன்றும். துளுவில் இது ‘பெர்கு’. தெற்கோடும் நிற்கவில்லை. சார்க்கண்டுப் பக்கம் குடுக்கு மொழியில் ‘பெர்க்கா’, ராஜ்மகால் மலையின் மால்தோவில் ‘பெர்கெ’. இரண்டுக்கும் பொருள் பூனை. திராவிட மொழிகள் பிரியுமுன்பே பிறந்த சொல்லாகத்தான் இது இருக்க வேண்டும்.

அப்படியிருக்க, ‘துருப்புள்ளிப் பூனை’ என்று இதன் ஆங்கிலப் பெயரைப் பெயர்த்து எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. வெருகு பொதுப்பெயராயிற்றே, மலையாளத்தில் புனுகுப்பூனையைக்கூட அப்படிச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். நியாயந்தான். சங்கத்து வெருகு எந்த இனம் என்று அறுதியிடவும் முடியாது. ஆனால் இதைவிடப் பெரிய உருவுள்ள இன்னோர் இனத்துக்குக் ‘காட்டுப்பூனை’ என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. புனுகுக்கும் தனிப்பெயர் உண்டு. மிஞ்சி நிற்கும் வெருகை, புதுச்சேரியிலிருந்து போன இந்தப் பூனைக்கே கொடுத்துவிடலாம்.