ஐமவுத்: ஒரு மீனவர் ஊரின் வரலாறு

ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கோடியில், இங்கிலாந்தின் எல்லைக்குச் சற்று வடக்கே, ஐ என்னும் சிற்றாறு வடகடலிற் கலக்கின்றது. அக்கழிமுகத்தில் அமைந்தமையால் ஊருக்கு ஐமவுத் என்று பெயர். எல்லையூர் ஆதலின் படைகளின் தொல்லைக்கும் குறைவில்லை. 1547-இல் ஆங்கிலேயர் இங்கே கோட்டை கட்டினர். சில ஆண்டுகளில் அஃது உடன்படிக்கையால் இடிக்கப்பட்டது. 1557-இல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் எழுப்பிய கோட்டையும் நிலைக்கவில்லை. அதன் மண்மேடுகளை இன்றும் காணலாம்.

துறைமுகத்தின் எதிர்க்கரையில் நிற்கும் கன்ஸ்கிரீன் மாளிகை, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் நிஸ்பெட் என்ற வணிகர் கட்டியது. சுங்கவரி செலுத்தாமல் இறக்கிய தேயிலையே அவர் செல்வத்தின் ஊற்று. அதனை ஒளித்து வைக்கச் சுவருக்குள்ளேயே மறைவிடம் அமைத்தார்.

கள்ளக் கடத்தல்காரர் மாளிகை கட்டிய ஊரில், நேர்மையாய் உழைத்த மீனவர் பிடித்த மீனில் பத்திலொரு பங்கைத் தேவாலயத்துக்கு அளந்தனர். இதனை எதிர்த்து வில்லியம் ஸ்பியர்ஸ் என்ற மீனவர் நெடுங்காலம் போராடினார். 1864-இல் 2,000 பவுன் கொடுத்தே ஊரார் அவ்வரியிலிருந்து விடுபட்டனர். அக்கடன் சுமையாலேயே துறைமுகத்தைத் திருத்தும் பணி தள்ளிப் போயிற்று என்பர் ஆராய்ந்தோர். குறுகிய வாயிலும் அதன் முன்னே ஹர்க்கர் பாறைகளுமாக அத்துறைமுகம் அப்படியே கிடந்தது.

1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. முந்திய நாள்களின் கொந்தளிப்பால் தொழிலின்றி முடங்கியிருந்தனர் மீனவர். அன்று காலை கடல் அமைதியாய் இருந்தது. காற்றழுத்தமானி மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தது. அதனைப் பார்த்தும் படகுகள் புறப்பட்டன. வெறும் அடுப்புக்கு முன்னே கருவியின் எச்சரிக்கை எம்மாத்திரம்? நண்பகலில் வானம் இருண்டு பெரும்புயல் வீசிற்று. கரைநோக்கி விரைந்த படகுகள் சில, துறைமுக வாயிலிலேயே, மனைவி மக்கள் கண்ணெதிரே பாறைகளில் மோதிச் சிதறின. கரையை நாடாமல் ஆழ்கடலிலேயே புயலைத் தாங்கிய 'ஏரியல் கசெல்' பின்னர்த் திரும்பி வந்தது. அக்கடற்கரையில் மாண்டவர் 189 பேர். அவருள் 129 பேர் இவ்வூரார். நாடெங்குமிருந்து 50,000 பவுனுக்கு மேல் நிதி திரண்டது.

நூறாண்டு நிறைவுற்ற 1981-இல் ஊர்ப்பெண்கள் தைத்த பெருந்திரையை அருங்காட்சியகத்தில் காணலாம். 2016-இல் கடற்கரையில் ஒரு வெண்கலச் சிற்பமும் நிறுவப்பட்டது. அதில் கடலுக்குச் சென்றவர் எவரும் இல்லை. 78 கைம்பெண்களும் 182 குழந்தைகளும் சிறுசிறு உருவங்களாய்க் கடலைப் பார்த்து நிற்கின்றனர்.