காந்தத்தை இழந்த ஹெட்போன்

சாதாரண ஹெட்போனுக்குள் மெல்லிய சவ்வும், அதோடு ஒட்டிய கம்பிச்சுருளும், பின்னால் சிறு காந்தமும் இருக்கும். அந்தக் காந்தம் இல்லாமல் சவ்வு அதிராது. ஆனால் அது இருக்கும்வரை எம்ஆர்ஐ அறைக்குள் ஹெட்போனைக் கொண்டுபோக முடியாது. 3 டெஸ்லா ஸ்கேனரின் புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 60,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அது அணைவதில்லை. காந்தப் பொருளைக் கையிலிருந்து பிடுங்கி உள்ளே இழுத்துவிடும். அங்கே ஒருவர் தலை வைத்துப் படுத்திருப்பார்.

1990-இல் செய்ஜி ஒகாவா குழுவினர் மூளை இயங்கும்போது ரத்தத்தில் ஏற்படும் ஆக்சிஜன் மாற்றம் ஸ்கேனரில் தெரியும் என்று காட்டியபின், மூளை ஒலியைக் கேட்கும்போதே அதன் இயக்கத்தைப் பார்க்க வழி பிறந்தது. ஒலியை உள்ளே எப்படி அனுப்புவது? முதலில் கைகொடுத்தது பிளாஸ்டிக் குழாய். ஒலிபெருக்கி தொலைவில் நிற்க, குழாயிலுள்ள காற்றே ஒலியைக் காதுக்குச் சுமந்தது. பழைய விமானங்களில் பயணிகளுக்குத் தந்ததும் இதே வகைதான். ஆபத்தில்லாத வழி, ஆனால் நீண்ட குழாய் உயர் அதிர்வெண்களை விழுங்கிவிடும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் மங்கும். செவிப்புலனை ஆராய்பவர்களுக்கு இது சிறிய இழப்பல்ல.

1998-இல் இரண்டு விடைகள் வந்தன. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆலன் பாமர் குழு, காந்தமே தேவைப்படாத நிலைமின் ஹெட்போனை ஸ்கேனருக்கு ஏற்றபடி மாற்றியமைத்தது. ஜெர்மனியின் மாக்டபர்க்கில் நடந்ததைத்தான் நான் பெரிதும் வியக்கிறேன். அங்குள்ள ஆய்வாளர்கள் காந்தத்தை எடுத்துவிட்டுச் சுருளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சுருளுக்கு வேண்டிய புலத்தை ஸ்கேனரே தந்தது. எதற்கு அஞ்சினோமோ அதையே வேலை வாங்கிய அறிவு அது. இந்த ஹெட்போன் மேசைமேல் ஊமை. ஸ்கேனருக்குள் சரியான கோணத்தில் வைத்தால்தான் பேசும். ஆகவே ஒலியளவைச் சரிபார்ப்பதும் உள்ளேயே நடக்க வேண்டும்.

காந்தம் போனாலும் மின்கம்பி மிச்சமிருக்கிறது. 3 டெஸ்லாவில் ஸ்கேனர் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. கம்பி அவற்றை ஆன்டெனாபோல் வாங்கிச் சூடேறினால் தோல் வெந்துவிடும். அதனால் கம்பியை வளையமாகச் சுருட்டக்கூடாது, உடம்பில் படவிடக்கூடாது. 1.5 டெஸ்லாவுக்குச் சோதித்த ஹெட்போனை, சோதிக்காமல் 3 டெஸ்லாவில் பயன்படுத்துவதும் தவறு.

இன்னொரு தொல்லை இரைச்சல். படம் எடுக்கையில் ஸ்கேனரின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். மூளையின் ரத்த ஓட்டமோ ஒலி கேட்டுச் சில விநாடிகள் கழித்தே உச்சம் தொடும். 1999-இல் டெபோரா ஹால் குழு இந்தத் தாமதத்தைப் பயன்படுத்தியது: அமைதியில் ஒலியைக் கேட்கவிட்டு, பிறகு படம் எடுத்தார்கள். இரைச்சலை மீறுவதற்காக ஹெட்போன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, இந்த முறையும் காதுக்கு நுரை அடைப்பானும் எவ்வளவோ மேல். செவியை ஆராய வந்த இடத்தில், படுத்திருப்பவரின் செவிக்கே தீங்கு செய்ய எந்த ஆய்வுக்கும் உரிமையில்லை.